திரியில் ஏறிய எண்ணெய்

தானியங்கிக் கியர் பெட்டி கெட்டுவிட்டதென்று ஒரு பழைய வண்டியை எவரேனும் கடலூரில் என் பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால், வந்தவரை முதலில் வேப்பமரத்து நிழலில் உட்காரவைத்து, வண்டி கடைசியாக ஒழுங்காக ஓடிய நாள் எது, அன்று எவ்வளவு தூரம் ஓடிற்று, கோளாறு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தோன்றிற்றா சூடேறிய பின் தோன்றிற்றா, பெட்டியின் எண்ணெய் எப்போதாவது மாற்றப்பட்டதா என்பவற்றையெல்லாம் அவசரமில்லாமல் கேட்டறிந்து, அதற்குப் பிறகே தரையில் படுத்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்ப்பதும், பெட்டியிலிருந்து ஒரு துளி எண்ணெயை எடுத்து வெள்ளைத் தாளில் விடுவதும் என் வழக்கம். அந்தத் தாள்களை நான் எறிவதில்லை. கணக்கு நோட்டு ஒன்றில் ஒட்டி, தேதியையும் வண்டி ஓடிய கிலோமீட்டரையும் பக்கத்தில் எழுதிவைக்கிறேன். இளஞ்சிவப்பாய் அகலப் பரவிய துளி, நடுவே கறுத்து ஓரத்தில் மட்டும் சிறிது பரவிய துளி, பரவாமலே கன்றிப்போய் நின்ற துளி என்று இருபது வருஷத்துத் துளிகள் அந்த நோட்டில் இருக்கின்றன. நாடி பார்க்கும் வைத்தியர் ஒருவர் தம் குருவின் கைப்பட எழுதிய ஏட்டை மதிப்பதுபோல நான் அதை மதிக்கிறேன்.

நான் தொழில் கற்றது அம்பாசடர் காரில். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மேஸ்திரியிடம், கெடிலத்து மணலில் ஸ்பேனர்களைத் தேய்த்துக் கழுவும் பையனாகச் சேர்ந்து, ஸ்டியரிங் தண்டிலேயே கியர் தடி இருந்த அந்தக் காலத்து வண்டிகளின் கியர் பெட்டிகளை நூற்றுக்கணக்கில் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். அந்தப் பெட்டிகள் தம் நோயைத் தாமே சொல்லும். பல்சக்கரம் தேய்ந்தால் உறுமும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. கியர் விழாவிட்டால் கையிலேயே தெரியும். காதும் கையும் போதுமான அந்த வித்தையில் என் மேஸ்திரி பிரசித்தர். ஆனால், 1994-இல் டெல்கோ நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கப்பட்ட மெர்சிடிஸ்-பென்ஸ் தொழிற்சாலை, 1995-இல் புனேயிலிருந்து டபிள்யூ-124 என்னும் வகையை வெளியிடத் தொடங்கிய பிறகு, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஓடிய அத்தகைய வண்டிகள், பத்துப் பதினைந்து வருஷங்கள் கழித்து இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி எங்கள் ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தபோது, அவற்றில் சிலவற்றுக்குக் காலால் மிதிக்கும் கிளட்ச்சே இல்லை என்பதைக் கண்டு அவர் வெகுநேரம் பேசாமல் நின்றார். "இதுக்குக் கை வைக்கணும்னா முதல்ல படிக்கணும்டா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவரிடமிருந்து நான் பெற்ற கடைசி உபதேசமாகக் கருதுகிறேன்.

இந்த வண்டிகளின் விஷயத்தில் ஒரு தர்மசங்கடம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு சொகுசுக் கார் புதிதாக இருந்தபோது அதை வாங்கியவர் பெரிய தனவந்தர். பதினெட்டு வருஷம் கழித்து அதை வைத்திருப்பவர் பெரும்பாலும் அப்படியல்லர். அவர் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தராக, சிறிய ஊர் டாக்டராக, நெய்வேலியில் வேலை பார்த்து வீடு கட்டிக்கொண்டு வந்தவராக இருப்பார். வண்டியின் விலை ஒரு சிறிய புதுக் காரின் விலைக்கும் கீழே இறங்கிவிட்டிருக்கும். அதன் கியர் பெட்டியின் விலையோ ஒரு காசும் இறங்கியிராது. ஆகவே, "பெட்டி போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும்" என்று ஒரு மெக்கானிக் சொல்லும் ஐந்து சொற்கள் அந்த வண்டிக்கு மரண தண்டனை. தக்க பிரமாணம் இல்லாமல் அந்தத் தண்டனையை வழங்குகிறவனை நான் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெட்டிக்குள் நடப்பது என்ன என்பதை, வாசகர்களில் யந்திர சாஸ்திரம் அறியாதவர்களுக்காகச் சிறிது விவரிக்கிறேன். பானையில் தயிரை வைத்து மத்தால் கடையும்போது, பானையைக் கையாலோ காலாலோ பிடித்துக்கொள்ளாவிட்டால், மத்து சுழலும் திசையிலேயே பானையும் மெல்லச் சுழலத் தொடங்கும். மத்துக்கும் பானைக்கும் தொடர்பு ஏதுமில்லை, இடையிலுள்ள தயிர்தான் மத்தின் பலத்தைப் பானைக்குக் கொண்டுபோகிறது. கன்வர்ட்டர் என்று நாங்கள் சொல்லும் உறுப்பு இதே தத்துவத்தில் இயங்குவது: எஞ்சின் ஒரு பக்கத்து இறக்கைகளைச் சுழற்ற, அவை எண்ணெயைச் சுழற்ற, எண்ணெய் எதிர்ப்பக்கத்து இறக்கைகளைச் சுழற்றுகிறது. கப்பலின் நீராவிச் சுழலியை அதன் விசிறியோடு இணைக்க வழி தேடிய ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கன்வர்ட்டருக்குப் பின்னால், நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றி ஓடும் கிரகச் சக்கரங்கள், வெளியே அவற்றை அணைத்த வளையச் சக்கரம் என்ற தொகுதிகள். எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதை ஓடவிடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பிடிப்பதும் விடுவதும், எஃகுத் தகட்டின்மேல் காகிதம் போன்ற பொருளை ஒட்டிச் செய்த மெல்லிய பிளேட்டுகள். அவற்றை அழுத்துவது எண்ணெய். அழுத்தம் தருவதும் எண்ணெய், குளிர்விப்பதும் எண்ணெய், பலத்தைக் கடத்துவதும் எண்ணெய். 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில் முதன்முதலாகப் பெருவாரியாக விற்பனைக்கு வந்த தானியங்கிப் பெட்டியும் எண்ணெயையே நம்பியிருந்தது. வெகுகாலம் வரையில் இத்தகைய எண்ணெயில் திமிங்கிலத் தைலம் கலக்கப்பட்டதென்பதும், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அந்தப் பிராணியைக் காக்கச் சட்டம் வந்தபோது மாற்றுப் பொருளைத் தேடி ரசாயன நிபுணர்கள் திண்டாடினார்கள் என்பதும் எனக்கு மிகப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. தெரிந்த அன்று இரவு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் சிறு வயதில் நான் கண்ட கடலுக்கும் என் கையில் தினமும் ஒட்டும் சிவப்பு எண்ணெய்க்கும் அப்படியொரு பந்தம் இருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

இந்தச் சாஸ்திரத்தைக் கற்குமுன் நான் செய்த ஒரு பிழையை இங்கே எழுதிவிட வேண்டும். தானியங்கி வண்டிகளில் நான் கை வைக்கத் தொடங்கிய காலம். சிதம்பரத்தில் வண்டிகேட் அருகே ஒருவருடைய கார் மின்சாரக் கோளாற்றினால் நின்றுவிட்டது. கியர் பெட்டிக்கு ஒன்றுமில்லை. அம்பாசடரை இழுத்துவந்த பழக்கத்தில், லீவரை நியூட்ரலில் வைத்துக் கயிறு கட்டி, ஒரு ஜீப்பின் பின்னால் கடலூர் வரையில், சுமார் 45 கிலோமீட்டர் தூரம், அதை இழுத்துக்கொண்டு வந்தேன். முடிச்சைப் போட்டவன் நானே. பெட்டிக்குள்ளே எண்ணெயைச் செலுத்தும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும் என்பதும், எஞ்சின் நின்றிருக்க, பின் சக்கரங்கள் மட்டும் சுழன்று புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் வழியே பெட்டியின் உள்ளுறுப்புகளைச் சுழற்றும்போது அவை வறண்டு உராயும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. ஆலப்பாக்கம் தாண்டும்போதே லேசான கருகல் வாசனை வந்தது; பிரேக் என்று நினைத்தேன். நல்ல பெட்டி ஒன்று என் கயிற்றினால் பாழாயிற்று. செலவில் என் சக்திக்கு இயன்ற பங்கை நான் ஏற்றுக்கொண்டேன். வண்டிக்காரர் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றுமுதல் என் பட்டறையிலிருந்து எந்தத் தானியங்கி வண்டிக்கும் கயிறு போனதில்லை. லாரியின் மேல் ஏற்றி வர வேண்டும். லாரி கிடைக்காவிட்டால், பின் அச்சின் பக்கத்தில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட பிறகே வண்டியை அசைக்க வேண்டும் என்பது பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்.

பழைய பெட்டிகளில் கம்ப்யூட்டர் இல்லை. டபிள்யூ-124 வகையில் வந்த நான்கு கியர் பெட்டிகள் எஞ்சினின் பளுவை வாக்குவம் குழாயின் மூலம் அறிந்துகொள்வன. டீசல் வண்டி ஒன்று ஒவ்வொரு கியருக்கும் முதுகில் உதைத்தது போல் குலுங்குகிறதென்று வந்தபோது, நான்கு நாள் படித்துவிட்டு அடியில் படுத்தேன். விரல் நீளத்து ரப்பர் குழாய் ஒன்று வெயிலில் வெடித்திருந்தது. வெட்டி எறிந்து புதிது மாட்டினேன். அவ்வளவுதான். எனக்குத் தைரியம் பிறந்தது அந்தக் குழாயினால்.

கம்ப்யூட்டர் புகுந்த பெட்டிகளில் நான் மிகுந்த சிரத்தையோடு பழகியது 722.6 என்ற இலக்கமுடையது. 1996-இல் வெளிவந்தது, முன்னே செல்ல ஐந்து கியர், பின்னே செல்ல இரண்டு, மூன்று கிரகத் தொகுதிகள், மூன்று கிளட்ச், மூன்று பிரேக். அதன் உள்ளே எண்ணெயில் முழுகியபடியே, கன்டக்டர் பிளேட் என்னும் ஒரு தட்டு, வேகத்தை அறியும் இரு உணரிகளையும் வெப்பத்தை அறியும் ஓர் உணரியையும் தாங்கியிருக்கிறது. ஆறு சோலனாய்டுகள் எண்ணெயின் வழிகளைத் திறந்தும் மூடியும் கியர்களை மாற்றுகின்றன. இவ்வளவு நுட்பமான ஒரு யந்திரத்தை இவ்வளவு உறுதியாக அமைத்தவர்கள் மீது எனக்குள்ள மரியாதை, அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வளர்ந்திருக்கிறதே தவிரக் குறைந்ததில்லை.

அந்தப் பெட்டியுள்ள ஒரு வண்டியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல உட்கார்ந்தேன். முன்னே நான்கு முட்டை வடிவ விளக்குகளுள்ள ஈ-கிளாஸ் வகை. அதன் சொந்தக்காரர் சிதம்பரத்தில் அண்ணாமலை நகரில் வசித்த ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். காலஞ்சென்ற தமையனார் ஆசையாக வைத்திருந்த வண்டி அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. மார்கழித் திருவாதிரைக்கு அண்ணியாரைத் தரிசனத்துக்கு அழைத்துப் போய்விட்டுத் திரும்புகையில், தெற்கு வீதியின் ஜனநெரிசலைக் கடந்து சற்றே வேகம் எடுத்தபோது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அதற்குமேல் கியர் மாறாமல் நின்றுவிட்டது. மாட்டுவண்டி வேகத்தில் வீடு வந்து சேர்ந்தார்கள். வேறோர் ஊரில் பெரிய பட்டறை ஒன்றுக்கு அனுப்பினார். மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, பெட்டி முழுவதும் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்து, வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நானும் என் பட்டறைப் பையனும் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். வாசல் திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"தம்பி, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்கிறார்கள். அண்ணா கையால் துடைத்த வண்டி. இன்னொருவர் அபிப்பிராயம் கேளாமல் அனுப்ப மனசு வரவில்லை" என்றார்.

"ஐயா, எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் என்ன ஆகிறது?" என்று கேட்டேன்.

அவர் யோசித்துவிட்டு, "பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு திடீரென்று பழையபடி ஆகிவிடுகிறது" என்றார்.

இந்த ஒரு பதிலில் வழக்கின் பாதி தீர்ந்துவிட்டது. வேகக் கணக்கு ஒத்துவராவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர், யந்திரத்துக்குச் சேதம் வராமலிருக்கும்பொருட்டு, இரண்டாம் கியரையும் ரிவர்ஸையும் மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை அடைத்துவிடும். வீடு போய்ச் சேர அது தரும் அனுமதி அவ்வளவே. எஞ்சினை அணைத்துக் கிளப்பினால் கம்ப்யூட்டர் தன் சந்தேகத்தை மறந்து புதிதாகத் தொடங்கும். ஆனால் கருகிப்போன கிளட்ச் பிளேட் சாவியைத் திருப்பினால் குணமாகுமா? பிளேட்டுகள் உண்மையில் எரிந்திருந்தால் அந்தப் பத்து நிமிஷமும் வண்டி வழுக்கிக்கொண்டேதான் போயிருக்கும். பெட்டி சாகவில்லை, அதைப் பற்றிக் கம்ப்யூட்டருக்குப் பொய்ச் செய்தி போகிறது என்று என் மனசு அனுமானித்தது.

எண்ணெய்த் துளி அதை ஆதரித்தது. நிறம் மங்கியிருந்தது, கருகல் வாசனை இல்லை, தாளில் அகலமாகப் பரவிற்று. அடுத்தபடியாக எஞ்சின் அறையின் மூலையில் கம்ப்யூட்டர் இருக்கும் பெட்டியைத் திறந்து, அதன் பிளக்கை உருவினேன். உள்ளே உலர்ந்திருக்க வேண்டிய பித்தளை ஊசிகளெல்லாம் சிவந்த எண்ணெயில் பளபளத்தன.

என் பையன் திகைத்துப்போனான். கியர் பெட்டி வண்டியின் நடு வயிற்றில் இருக்கிறது. இந்தப் பெட்டியோ அதற்கு எவ்வளவோ உயரத்தில், எத்தனையோ அடி தூரத்தில் இருக்கிறது. "எண்ணெய் எப்படிண்ணே மேல ஏறும்?" என்றான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், திண்ணையிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர், "அகல் விளக்கில் திரி எண்ணெயை எப்படி இழுக்கிறதோ அப்படித்தான், அப்பா. நாற்பது வருஷம் இதைத்தானே பாடம் சொன்னேன், நுண்ணிய வழி கிடைத்தால் திரவம் தானே மேலே ஏறும்" என்று சொல்லி, ஒயரின் மேலுறைக்குள் செம்பு இழைகளுக்கிடையிலுள்ள நுண்ணிய வெளியை அவனுக்கு விளக்கினார். எனக்குத் தெரிந்த விஷயந்தான். ஆனாலும், அதை அன்று அவர் வாயால் கேட்டபோதுதான் முழுக்க விளங்கிற்று.

மூல காரணம் வேறிடத்தில் இருந்தது. கியர் பெட்டியின் பக்கவாட்டில் பதின்மூன்று ஊசிகள் கொண்ட ஒரு பிளக் உண்டு. அதன் கூட்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்க இரண்டு ஓ-ரிங்குகள், குழந்தையின் கைவளையலைவிடச் சிறியவை, அமர்ந்திருக்கும். வருஷக்கணக்கான சூட்டில் அந்த ரப்பர் கெட்டிப்பட்டுத் தன் இளக்கத்தை இழக்கிறது. எண்ணெய் அதைக் கடந்து பிளக்குக்குள் புகுந்து, ஒயரைத் திரியாகக் கொண்டு மெல்ல மெல்ல மேலே ஏறி, மாதங்கள் கழித்துக் கம்ப்யூட்டரை அடைகிறது. வயோதிகத்தால் வரும் தளர்ச்சி இது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. உலகமெங்கும் இந்த வகைப் பெட்டியைப் பழுது பார்ப்பவர்கள் அறிந்த விஷயம். பெரிய பட்டறையில் பிளக்கை ஒருமுறை உருவிப் பார்த்திருந்தால் போதும். மூன்று வாரத்தில் அதற்கு ஒரு நிமிஷம் எவருக்கும் கிடைக்கவில்லை என்பதை நினைக்க எனக்குக் கோபமும் துக்கமும் உண்டாயிற்று. ஸ்கேனர் என்-2 என்னும் வேக உணரியையும் சுட்டியது. ஆகவே கன்டக்டர் பிளேட்டையும் மாற்றிவிடுவதே உசிதமென்று தீர்மானித்தேன்.

இரண்டாம் கியரிலேயே கடலூர் வரை ஓட்டிப் போகலாமே என்று பேராசிரியர் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. லாரியின் மேல் ஏற்றித்தான் கொண்டுபோனேன். காரணத்தை அவரிடம் சொன்னேன். கயிற்றுக் கதையை அதுவரை வண்டிக்காரர் எவரிடமும் சொன்னதில்லை.

இந்த வேலையில் பலத்தைவிடச் சுத்தம் முக்கியம். சென்னையிலிருந்து தட்டும் பிளக் கூடும் பில்டரும் வந்து சேர்ந்த நாளுக்கு முன்தினம் மாலையே பட்டறைத் தரையைக் கழுவி, விடியற்காலையில் மறுபடி தண்ணீர் தெளித்து, மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினோம். எல்லாப் பட்டறையிலும் கை துடைக்கக் கிடக்கும் வேஸ்ட் காட்டனை அன்று வாசலுக்கு வெளியே வைத்துவிட்டேன். அதிலிருந்து உதிரும் ஒற்றை நூலிழை வால்வ் பாடியின் ஒரு வால்வுக்குள் சிக்கினாலும் கியர் ஒழுங்காக மாறாது. எண்ணெயை வடித்து, ஆறு போல்ட்டுகளைக் கழற்றி, தொட்டியை இறக்கினேன். அடியிலிருந்த காந்தத்தில் மையைப் போன்ற மெல்லிய கறுப்புச் சேறு மட்டும் படிந்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், நெருடவில்லை. இரும்புச் சிம்புகள் இருந்திருந்தால் பேராசிரியரிடம் வேறு விதமாகப் பேச வேண்டியிருந்திருக்கும். பிளக்கின் கூட்டை வெளியே இழுத்த பிறகுதான் வால்வ் பாடியை இறக்க வேண்டும். அவசரப்பட்டு வரிசையை மாற்றினால் உள்ளேயிருக்கும் தட்டு ஒடிந்துவிடும். இறக்கி, சோலனாய்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எங்கே இருந்ததென்று தாளில் வரைந்துவைத்து, புதிய தட்டைப் பொருத்தினேன். ஒயர்களில் ஏறியிருந்த எண்ணெயை முழுக்க இழுத்தெடுக்க முடியாது. வடியவிட்டுக் கழுவி, கம்ப்யூட்டரின் ஊசிகளையும் சுத்தம் செய்து, பல தினங்கள் கழித்து ஒருமுறை திறந்து பார்க்கவேண்டுமென்று குறித்துக்கொண்டேன். உப்புக்காற்று வீசும் எங்கள் ஊரில் அந்த ஊசிகளுக்கு எண்ணெய் ஒரு சத்துரு என்றால், பச்சைக் களிம்பு இன்னொரு சத்துரு.

எண்ணெய் ஊற்றுவது எளிய காரியம்போல் தோன்றும். உண்மையில் அதில்தான் அநேகர் தவறுகிறார்கள். இந்தப் பெட்டியில் அளவுகோல் கிடையாது. குழாய் மட்டும் உண்டு. அதன் மூடி பூட்டப்பட்டிருக்கும். பட்டறையில் தனியே வைத்திருக்கும் நீண்ட கோலை விட்டு, எண்ணெய் 80 டிகிரி சூடேறிய நிலையில் அளக்க வேண்டும். குளிர்ந்திருக்கையில் சரியாகத் தோன்றும் அளவு சூட்டில் விரிந்து மிகையாகிவிடும். அந்தச் சூட்டை ஸ்கேனரில் பார்க்கவும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: லீவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால் உணரியின் கணக்கு வராது, பிரேக்கை மிதித்துக்கொண்டு டி-யில் வைத்தால்தான் வரும். இது தெரியாத காலத்தில் உணரியே கெட்டுவிட்டதென்று நான் ஒரு தட்டை வீணாக மாற்றியிருக்கிறேன். அக்காலத்துத் தயாரிப்பாளர் பலர், பெட்டியின் எண்ணெயை ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்று புத்தகத்தில் எழுதினார்கள். பெட்டியின் ஆயுளை அவர்கள் எவ்வளவென்று கணக்கிட்டார்களோ, நான் அறியேன். எங்கள் சித்திரை வெயிலிலும் நெருக்கடித் தெருக்களிலும் ஓடும் வண்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதென்பது என் கொள்கை. இதில் எவரோடும் விவாதிக்கத் தயாராக இருக்கிறேன். என் நோட்டு என் பக்கத்தில் இருக்கிறது.

வண்டியை நானே ஓட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் புறப்பட்டேன். பழுது பார்த்த பெட்டி தன் பிளேட்டுகளின் தேய்மானத்துக்கு ஏற்பத் தன்னைத் தானே திருத்திக்கொள்ள அவகாசம் வேண்டும். ஆகையால் ஆக்ஸிலரேட்டரை இலேசாகவே அழுத்தி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று நிதானமாகப் போனேன். முதல் சில கிலோமீட்டர்களில் இரண்டிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது சிறு தயக்கம் இருந்தது, பி.முட்லூருக்குள் அதுவும் மறைந்தது. வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் ஏறும்போது கியர் மாறியதை டேக்கோமீட்டரின் முள் இறங்கியதிலிருந்துதான் அறிந்தேன். உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு உண்டான சந்தோஷம் சாமானியமானதன்று. பக்கத்திலிருந்த பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் சிரித்தான். பேராசிரியர் கொடுத்த மொத்தத் தொகை, புதுப் பெட்டிக்கு அவரிடம் சொல்லப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

எல்லா வண்டியும் இப்படிப் பிழைத்துவிடுவதில்லை. நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒன்று ஞாபகத்தில் நிற்கிறது. ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில், சாலையில் கூழாங்கல் பரப்பியதுபோல் வண்டி அதிர்கிறது என்றார் அதன் சொந்தக்காரர். துளியைத் தாளில் விட்டேன். ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள்ளேயே கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாயும் இருக்கும். உள்ளே ஒரு விரிசல் ஏற்பட்டு, கூலன்ட்டும் எண்ணெயும் ஒன்றாகிவிட்டிருந்தன. பிளேட்டின்மேல் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற பொருள் அந்தக் கலவையில் ஊறிப் பிசின் விட்டு உரியத் தொடங்கினால், பிறகு எண்ணெய் மாற்றுவதால் பயனில்லை. மூன்று முறை கழுவிப் பார்த்தேன். அவருக்கு உண்மையைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் நாளே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டார். காப்பாற்றியிருக்கலாம். அதையும் மறைக்காமல் சொன்னேன். அதற்குப் பிறகு, பத்து வருஷத்துக்கு மேற்பட்ட ரேடியேட்டரைக் கண்டால் ஒழுகாவிட்டாலும் மாற்றிவிடச் சொல்கிறேன். மாற்ற வசதியில்லாதவர்களிடம் ஆறு மாதத்துக்கு ஒரு துளி கொண்டுவந்து காட்டச் சொல்கிறேன்.

2015-ஆம் வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் எங்கள் ஜில்லாவை வெள்ளம் வளைத்துக்கொண்டபோது, வீட்டு வாசலில் நின்றபடியே முழுகிய வண்டிகள் பல வந்தன. பெட்டி மூச்சுவிடும் துவாரத்தின் வழியே நீர் புகுந்திருக்கும். கிளப்பிப் பார்க்காமல் கொண்டுவந்தவர்களின் வண்டிகளில் பலவற்றைப் பிழைக்கவைக்க முடிந்தது. 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பியவர்களின் வண்டிகளில் சிலவற்றை முடியவில்லை. வீட்டில் முழங்காலளவு சேறு நிற்கும்போது வண்டியைப் பற்றி நிதானமாக யோசிக்க எவருக்குத்தான் இயலும்?

பேராசிரியரின் வண்டிக்குச் சென்ற தை மாதம் மறுபடி எண்ணெய் மாற்றும் தவணை வந்தது. அண்ணாமலை நகரிலேயே, அவர் வீட்டு மாமரத்தடியில் செய்தோம். இப்போது பெரியவனாகிவிட்ட என் பையன்தான் அடியில் படுத்தான். முதலில் கம்ப்யூட்டர் பெட்டியின் பிளக்கை உருவினேன், ஊசிகள் உலர்ந்திருந்தன. கண்பார்வை குறைந்துவிட்ட பேராசிரியர் நோட்டைத் தம்மிடம் கொடுக்கச் சொல்லி, சொட்டுக்குழாயையும் வாங்கிக்கொண்டு, கை நடுங்க ஒரு துளியைத் தாளின்மேல் விட்டார். அது பரவி நிற்கும் வரையில் நாங்கள் மூவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் தம்முடைய பேனாவாலேயே பக்கத்தில் தேதியை எழுதினார்.